வெல்லம் போடும் நேரம்

ஊறவைத்தால் கோழிக்குள் மசாலா இறங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் அதை அறுத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்த தொடைத்துண்டு ஒன்றை, அடுப்பில் ஏற்றுமுன், எலும்பு வரைக்கும் குறுக்கே வெட்டுங்கள். ஓரத்தில் நகக்கனத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதற்கு உள்ளே, கடைக்காரர் வெட்டிக் கொடுத்தபோது இருந்த அதே வெளிர் ரோஜா நிறம்தான். அந்த நடுச்சதையை மட்டும் சீவி எடுத்து, தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வாட்டித் தின்று பார்த்தால் உப்பு தெரியும். காரம் தெரியாது, பூண்டு தெரியாது, மல்லி தெரியாது. ராத்திரி முழுக்க ஊறியும் நடுச்சதை வரைக்கும் போய்ச் சேர்ந்தது உப்பு ஒன்றுதான்.

கோழிச்சதையில் முக்கால் பங்கு தண்ணீர். உப்பு தண்ணீரில் கரைந்து மிகச் சின்னத் துகள்களாகப் பிரிவதால் அதற்கு உள்ளே போக வழி கிடைக்கிறது. மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைகிறவை. தண்ணீர் நிறைந்த சதைக்குள் அவை நுழைவது கஷ்டம். வெல்லம் தண்ணீரில் கரையும்தான், ஆனால் அதன் சர்க்கரை உப்பைவிடப் பெரிய சரக்கு, மெல்லத்தான் நகரும். ஓரத்தைத் தாண்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிப் பிசைகிற வழக்கம் எனக்கு இல்லை. உப்புக்கு ஒரு நேரம், புளிக்கும் பொடிக்கும் ஒரு நேரம், வெல்லத்துக்கு ஒரு நேரம். இனிப்பும் காரமுமாகக் கோழி செய்வதில் எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். இதில் வெல்லத்தின் நேரம்தான் கைக்குச் சிக்காதது, அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது கடலூர் முதுநகர், வாக்கப்பட்டது சிதம்பரம். பாசஞ்சர் ரயிலில் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்துவிடலாம், அவ்வளவு கிட்டம். நாக்குக்கு மட்டும் அது வெளியூர்ப் பயணம். எங்கள் அம்மா எந்தக் குழம்பை இறக்கினாலும் சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டுத்தான் இறக்குவாள், கறிக்குழம்பும் தப்பாது. சிதம்பரத்தில் என் மாமியார் வீட்டில் புளிக்கும் மிளகுக்கும்தான் மரியாதை. வெல்லம் சாமிக்குப் படைக்கிற நாளில் வெளியே வரும். நான் வெல்லம் போட்டு முதல்முறை கோழி செய்து வைத்தபோது, "ஏம்மா, கறியில என்ன தித்திப்பு? கறியா, பாயசமா?" என்றார் அத்தை. சொன்னாரே தவிர, இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டார். அதை நான் பார்த்ததையும் அவர் பார்த்தார்.

அவருக்கு நான் சொன்ன பதில் அவர் சமையலிலேயே இருந்தது. மார்கழித் திருவாதிரைக்கு இந்த ஊரில் வீடு தவறாமல் களி கிண்டுவார்கள். வறுத்து உடைத்த அரிசி, வெல்லம், தேங்காய், நெய், ஏலக்காய். அதைத் தனியாக யாரும் தின்பதில்லை. பக்கத்திலேயே ஏழுகறிக் கூட்டு. பூசணி, பரங்கி, வாழைக்காய், அவரை, மொச்சை, சேனை, கிழங்கு என்று கிடைத்ததெல்லாம் போட்டுப் புளியும் காரமுமாக. களியை ஒரு விள்ளல் எடுத்துக் கூட்டில் தொட்டு வாயில் போடும்போது தித்திப்பும் உறைப்பும் சேர்ந்துதானே வருகிறது? அதை ஆண்டாண்டு காலமாகச் சாப்பிட்டுவிட்டு என் கோழியை மட்டும் கேள்வி கேட்டால் எப்படி? அத்தை சிரித்துவிட்டார். "களிக்கு எதுத்தாப்ல கவிச்சியக் கொண்டாந்து வெக்கிறியே" என்று ஒரு குட்டு மட்டும் வைத்தார். எங்கள் வீட்டில் மார்கழியிலும் புரட்டாசியிலும் கவிச்சி ஏறாது என்பதால் அந்தக் குட்டோடு தப்பித்தேன்.

சிதம்பரம் எனக்குக் கொடுத்த இன்னொன்று கொத்சு. சம்பா சாதத்துக்கும் கத்திரிக்காய்க் கொத்சுக்கும் இந்த ஊர் பேர் பெற்றது. நடராஜருக்கும் அதுதான் நைவேத்தியம். மிளகும் சீரகமும் நெய்யும் போட்ட சாதம். தொட்டுக்கொள்ள, குழையக் குழைய வெந்த கத்திரிக்காய், புளிக்கரைசல், மேலே வறுத்துப் பொடித்த பொடி. அத்தை அந்தப் பொடிக்கு மல்லி, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் நாலையும் நல்லெண்ணெயில் வறுத்து ஒன்றிரண்டாக இடிப்பார். கோழிக்கு நான் போடுவதும் அதே பொடிதான். கடையில் விற்கும் சிக்கன் மசாலாவில் பட்டை, கிராம்பு, சோம்பு தூக்கலாக இருக்கும். வெல்லத்தோடு அவை சேர்ந்தால் பலகார வாசனை அடிக்கத் தொடங்கிவிடுகிறது. வறுத்த மல்லியும் பெருங்காயமும் அப்படி இல்லை, இனிப்பை அடக்கி வைக்கத் தெரிந்தவை. கடலைப்பருப்பு இன்னொரு உபகாரமும் செய்கிறது. அதன் மாவு பாகோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, துண்டை விட்டு வழியாமல் பிடித்துக்கொள்கிறது. சோளமாவு போட்டு வருகிற வழவழப்பு எனக்குப் பிடிக்காது.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "அக்கா, தோலோடயா, உரிச்சிடவா?" என்பதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலும் உரித்துத்தான் வாங்குகிறோம். குழம்புக்கு அது சரி. இந்தக் கோழிக்குத் தோல் வேண்டும். பாகு பிடிப்பதற்கும் சிவந்து வருவதற்கும் அதுதான் இடம், அதன் கொழுப்பிலேயே பாதி வறுவல் நடந்துவிடும். லெக் பீஸாகக் கேட்டு வாங்கி, தொடையையும் காலையும் மூட்டில் பிரித்துத் தரச் சொல்வேன். நெஞ்சுக்கறி வேண்டாம். அது வெந்த நிமிடத்துக்கும் வறண்ட நிமிடத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லை. தொடை அப்படியல்ல, பத்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நாட்டுக்கோழிக்கு வெல்லம் போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. மாசக்கணக்கில் ஓடித் திரிந்த கால் அது. நார் இளகிச் சாறாக இறங்குவதற்கு ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். அதற்கு மிளகுக் குழம்புதான் கௌரவம். பிராய்லரோ ஆறு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடுகிறது. மென்மையாக்க வேண்டிய அளவுக்கு அதில் கடினம் எதுவும் இல்லை. தயிர், பப்பாளிக்காய் என்று எதையாவது தடவி இளக்கப் பார்ப்பது வீண். பப்பாளிக்காய் கொஞ்சம் கூடினால் மேல்சதை கூழாகிவிடும், உள்சதை இருந்தபடி இருக்கும்.

கோழியைக் கழுவக்கூடாது, குழாயடித் தண்ணீர் தெறித்துக் கிருமி பரவும் என்று இப்போது சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் கழுவாமல் சமைத்தேன் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் ஒருவரும் என் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஆழமான அகலக் குண்டானில் மஞ்சள் தண்ணீர் விட்டு, அதற்குள்ளேயே முக்கி அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்து ஊற்றிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். பிறகு துண்டுகளைப் பழைய வேட்டித்துணியில் ஒற்றி எடுப்பது. இந்த ஒற்றி எடுக்கிற வேலையைப் பலரும் செய்வதில்லை. ஈரத்தோலோடு சட்டியில் இறங்கிய துண்டு முதலில் அவிகிறது, அதற்குப் பிறகுதான் வறுபடுகிறது.

இனி உப்பு. ஒரு கிலோ கோழிக்கு 12 முதல் 15 கிராம், தூளுப்பாக இருந்தால் டீஸ்பூனில் தலைதட்டி இரண்டு, அதற்கு மேல் ஒரு சிட்டிகை. கல்லுப்பை அப்படியே போட்டால் ஓரிடத்தில் கரிக்கும், ஓரிடத்தில் சப்பென்று இருக்கும், அதனால் அம்மியில் ஓட்டிக்கொள்வேன். தோலுக்கு அடியிலும் விரல் விட்டுத் தடவ வேண்டும். தடவிய கொஞ்ச நேரத்தில் துண்டுகள் தண்ணீர் விடும். பயந்துகொண்டு அதை வடித்துக் கொட்டக்கூடாது. வெளியே வந்த தண்ணீரில் உப்பு கரைந்து அந்த உப்புநீரேதான் மெல்ல உள்ளே திரும்புகிறது. சதையின் புரதத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தி, வேகும்போது சாறு ஓடிவிடாமல் அது பிடித்து வைக்கிறது. காலையில் உப்புத் தடவி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். முதல்நாள் ராத்திரியே வைத்தாலும் கெடுதல் இல்லை. சிதம்பரத்து வெயிலில் வெளியே வைத்து ஊறவிடுவது மட்டும் கூடாது.

ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது அந்தக் கேள்வி எங்கள் அம்மா வீட்டில் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்டு கம்பமெல்லாம் மடங்கிக் கிடந்தன. கரண்டு வரும்வரை கோழி வாங்கினால் வாங்கிய கையோடு சமைக்க வேண்டும். அப்போது அம்மா செய்தது, ஒவ்வொரு துண்டிலும் எலும்பு தொடும்வரை மூன்று நான்கு கீறல் போட்டு உப்பைக் கீறலுக்குள் தேய்த்தது. உள்ளே போக உப்புக்கு நேரம் இல்லை என்றால் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்துவிடுவது. அரை மணி நேரத்தில் ஆகிவிடும். ஃப்ரிட்ஜ் இருந்தாலும் கீறலை நான் விடவில்லை. கீறிய இடமெல்லாம் ஓரமாகிவிடுகிறது, பாகுக்கும் பொடிக்கும் அத்தனை இடம் கூடுகிறது.

இனிப்புக்கு எது போடுவது என்பதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை. கடலூரிலிருந்து பண்ருட்டி ரோட்டில் போனால் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை, 1842-இல் தொடங்கியது. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, கழிவுப்பாகின் புளிச்ச வாடை ரோடு முழுக்க அடிக்கும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் மூக்கு நெல்லிக்குப்பம் வந்துவிட்டது என்று எழுப்பிவிடும். சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலை. கடலூரிலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோசி 671 என்று விவசாயிகள் சொல்லும் ரகம் அங்கிருந்து போனதுதான். சாற்றில் சர்க்கரைச் சத்து அதிகம், வெல்லத்துக்கும் நல்ல பேர் வாங்கிய ரகம். பொங்கலுக்குக் கடிக்கிற பன்னீர்க் கரும்பு வேறு சாதி, அதை யாரும் வெல்லத்துக்குக் காய்ச்சுவதில்லை.

வெல்லத்தை நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. எனக்கு வேண்டியது செம்மண் நிறத்துக்கும் கருமைக்கும் நடுவில் இருக்கிற உருண்டை வெல்லம். அதில் லேசான உப்புச்சுவையும் கரும்புச்சாறு கொப்பரையில் அடிப்பிடித்த வாசனையும் இருக்கும். கோழிக்கு அது பொருந்துகிறது. வெள்ளைச் சர்க்கரை போட்டால் தித்திப்பு வரும், வேறெதுவும் வராது. கருப்பட்டி போட்டும் செய்வேன். அதன் கசப்பான வாசனை வேறு எதையும் மேலே வரவிடாது என்பதால் அன்றைக்கு மிளகைக் கூட்டி மல்லியைக் குறைத்துவிடுவேன். எந்த வெல்லமானாலும் கரைத்து வடிகட்டாமல் சட்டிக்குக் கிட்டே வரக்கூடாது. வடிகட்டியில் தங்குகிற மண்ணையும் சக்கைத் துணுக்கையும் பார்த்தால் சொல்லாமலே புரியும். ஒரு கிலோவுக்கு 60 கிராம் வெல்லம், கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டித் தனியாக மூடி வைத்துவிட வேண்டும். மூடாவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும்.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வரும்போதெல்லாம் கருப்பு சோயா பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கும். மலாய்க்காரர் வீடுகளில் அதோடு இஞ்சி, பூண்டு, மிளகாய் போட்டுச் செய்கிற கோழியை அங்கே நம்மவர்களும் சமைக்கிறார்கள். இந்தோனேசியாவில் பனைவெல்லம் கலந்தே சோயாவைக் காய்ச்சி விற்கிறார்கள், கெச்சாப் மானிஸ் என்று. ஜப்பானில் சோயாவும் அரிசி மதுவும் சர்க்கரையும். இலங்கையில் டெவில் சிக்கன். உப்பு, இனிப்பு, உறைப்பு, கொஞ்சம் கருகல் வாசனை என்று எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பரங்கிப்பேட்டையிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அச்சே, கெடா பக்கம் போய்வந்தன. திரும்பி வந்த மாலுமிகள் வீட்டில் என்ன சமைக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்று ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும்போது யோசிப்பேன். சோயாவை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாதத்தோடு ஒட்டமாட்டேன் என்கிறது. புளி போட்டால் ஒட்டுகிறது.

புளி எலுமிச்சங்காய் அளவில் பாதி. கெட்டியாகக் கரைத்து, அதில் கொத்சுப் பொடி மூன்று ஸ்பூன், மிளகாய்த்தூள், இடித்த மிளகு, உரலில் நசுக்கிய பூண்டு, சின்ன வெங்காய விழுது, நல்லெண்ணெய். உப்பில் ஊறி முடித்த துண்டுகளில் இதைத் தடவி அரை மணி நேரம் வைத்தால் போதும். எப்படியும் உள்ளே போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகு மணிக்கணக்கில் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. எலுமிச்சம்பழம் ஏன் கூடாது என்று பெரியவள் கேட்பாள். எலுமிச்சையில் நமக்குப் பிடித்ததே அதன் வாசனைதான், அது சூட்டில் ஓடிவிடும். புளி எத்தனை கொதித்தாலும் புளிதான். வெல்லத்தோடு மல்லுக்கட்ட அதற்குத்தான் தெம்பு இருக்கிறது.

இரும்புச் சட்டியில் செய்யாதீர்கள். புளி இரும்போடு சேர்ந்து கறுத்து, நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். அடிகனமான எவர்சில்வர் சட்டியோ பழகிய மண்சட்டியோ போதும். தடவிய விழுதை விரலால் வழித்துத் தனியே வைத்துவிட்டு, நல்லெண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவேன். அடுக்கியதைத் தொடக்கூடாது. சமைக்கத் தெரியாதவர்களைக் கரண்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம், அது ஓயாமல் சட்டிக்குள்ளேயே இருக்கும். தோல் சிவந்தால் தானாகவே சட்டியை விட்டுவிடும். அப்போது புரட்டி, வழித்து வைத்த விழுதைச் சேர்த்து, மூடிபோட்டு, தீயைத் தணித்து இருபது இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் ஊற்றக்கூடாது. கோழி விடுகிற தண்ணீரிலேயே அது வேகும். தொடையின் கனமான இடத்தில் குத்தினால் வருகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் எலும்பைத் தொடாமல் உள்ளே குத்தினால் 74 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். பச்சைக்கோழியில் பட்ட விழுதை மிச்சம் பிடித்துக் கடைசியில் மேலே ஊற்றுகிற வேலை வேண்டாம்.

வெல்லம் இன்னும் உள்ளே போகவில்லை. ஏன் என்பதற்குச் சட்டியில் இருக்கிற தண்ணீர்தான் பதில். தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எந்தச் சர்க்கரையும் அந்தச் சூட்டில் கருகாது. தண்ணீர் வற்றிய மறுநிமிடம் எண்ணெயின் சூடு விறுவிறுவென்று ஏறும். வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட 160 டிகிரியில் நிறம் மாறும் என்றால், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த வெல்லம் அதற்கும் முன்பே சிவந்து, கண்மூடித் திறப்பதற்குள் கசந்துவிடும். ஆரம்பத்திலேயே வெல்லத்தைத் தடவிச் சட்டியில் போட்டால் வெளியே கரி, உள்ளே ரத்தம். ஓட்டலில் கறுத்துப்போய் வருகிற 'ஹனி' கோழிகளின் கதை பெரும்பாலும் இதுதான். பாலில் உறை ஊற்றுகிறவள் விரல் வைத்துச் சூடு பார்ப்பதுபோல இதற்கும் ஒரு பார்வை வேண்டும், ஆனால் இங்கே காதுதான் வேலை செய்ய வேண்டும். தண்ணீர் நிறைய இருக்கும்போது சட்டி தளதளவென்று கனமாகப் பேசும். வற்ற வற்றக் குமிழ் சின்னதாகிச் சலசலப்பாகும். எண்ணெய் தனியே ஓரத்தில் பிரிந்து, சத்தம் மெலிந்து, பொரிகிற சத்தத்துக்கு மாறப்போகிற இடம் ஒன்று வரும். மாறிவிட்டால் தாமதம். மாறப்போகிறது என்று காது சொல்லும்போதே வெல்லக்கரைசல் உள்ளே போக வேண்டும்.

ஊற்றியதும் சட்டி மறுபடி தளதளக்கும். கரைசலில் இருக்கிற தண்ணீர் அது. இப்போது மூடி வேண்டாம். துண்டுகளைப் புரட்டிப் புரட்டிவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் பாகு உடனே மூடாமல் ஒரு நொடி தயங்கி மூடும். அதுதான் பதம். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் சூட்டிலேயே மீதி இறுகட்டும் என்று விட வேண்டும். கறிவேப்பிலையை அப்போது கிள்ளிப் போடலாம். விசேஷ நாளில், ஆள் இருந்தால், வாசலில் சவுக்குக் கரியைக் கனலவிட்டு இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் கம்பி வலையில் செய்வதுண்டு. கரியில் சொட்டுகிற பாகின் புகை பட்டால் ருசி ஒரு படி ஏறும். ஆனால் கொசுவுக்கும் புகைக்கும் நடுவில் நிற்க எனக்கு இப்போதெல்லாம் பொறுமை இல்லை.

வெல்லத்தைக் கடைசியில் போடுவதில் கருகாமல் இருப்பதைவிடப் பெரிய லாபம் வீட்டுக்காரர்களுக்கு. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வெந்து முடித்து வெல்லம் போடுவதற்கு முன்பே இரண்டு துண்டைச் சின்னச் சட்டியில் எடுத்துவைத்துவிட்டால் அவருக்குப் புளியும் மிளகுமாகத் தனி வறுவல் ஆயிற்று. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று எங்கள் தெருவில் ஒரு சித்த வைத்தியமே ஓடுகிறது. செய்யும். ரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். சின்னவனுக்கு உறைப்பு ஆகாது. அவன் பங்குக்குக் கரைசல் ஒரு ஸ்பூன் கூடுதல். பெரியவள் சென்னையிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வருவாள், அவளுக்கு மேலே மிளகு தூவினால் போதும். அத்தைக்குப் பாகு ஒட்டியும் ஒட்டாமலும். ஒரே சட்டி, ஒரே நேரம், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துவிடலாம். முன்பே எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து ஊறவைத்தால் இந்தப் பிரித்தெடுக்கிற வசதி கிடைக்காது. எத்தனையோ வீடுகளில் சர்க்கரைக்காரர் ஒருவருக்காக எல்லாரும் சப்பென்று சாப்பிடுகிறார்கள், இல்லையென்றால் எல்லாருக்காகவும் அவர் சும்மா இருக்கிறார். இரண்டும் தேவையில்லாத தியாகம்.

கூட வைக்க நெய் குறைத்த மிளகு சீரகச் சாதம், பூண்டு ரசம், உப்பும் எலுமிச்சையும் பிழிந்த வெங்காயம். தயிர்ப்பச்சடி வேண்டாம், பாகின் மேல் தயிர் பட்டால் இரண்டும் கெடும். துண்டுகளைத் தட்டுக்கு மாற்றிய பிறகு சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதில்தான் வீட்டில் சண்டை. சூடான சாதம் இரண்டு கரண்டி போட்டுக் கரண்டியால் சுரண்டிப் பிசைந்தால் பாகும் பொடியும் கோழிக்கொழுப்பும் சோற்றில் ஏறும். சின்னவன் "ஆயாவுக்கு எதுக்கு, அவங்களுக்குத்தான் தித்திப்பு ஆகாதே" என்று சட்டியை இழுப்பான். "ஆகாதுன்னு நான் எப்படா சொன்னேன்?" என்பார் அத்தை.

மிச்சம் இருந்தால் மறுநாள் அப்படியே அடுப்பில் வைத்துச் சூடுபண்ணக்கூடாது. ஃப்ரிட்ஜில் இறுகிய பாகில் தண்ணீர் இல்லை, தீ பட்டதும் கருகும். இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் தெளித்து, மூடி, சின்னத் தீயில் ஆவி வரும்வரை விடுங்கள். எலும்பை நீக்கிப் பிய்த்துத் தோசைக்கு நடுவில் வைத்தால் காலைச் சட்னி வேலை மிச்சம்.